சிறைக்கிணறும் கருணை மனுவும்: சட்டமன்றம் கேட்டால் மன்னிப்பு கிடைக்குமா?

செஞ்சிக் கோட்டைக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாண மகாலைப் பார்த்து, களஞ்சியத்துக்குள் சத்தம் போட்டு எதிரொலி கேட்டு, தெம்பு இருந்தால் ராஜகிரி ஏறி இறங்கிக் கிளம்பிவிடுவார்கள். சக்கரக்குளம் பக்கம் போகிறவர்கள் குறைவு. அங்கே ஒரு பெரிய பாறாங்கல், இன்னொரு பாறை மேல் தூக்கி வைத்த மாதிரி நிற்கும். அதன் நடுவே இயற்கையாகவே மேலிருந்து கீழ் வரை ஒரு துளை. அடியைக் கட்டி அடைத்து, மேல்விளிம்பில் செங்கல்லால் வட்டச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத கிணறு. எங்கள் ஊரில் சிறைக்கிணறு என்போம். மரண தண்டனை பெற்றவர்களை இதற்குள் தள்ளி, பட்டினியால் சாக விட்டார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. பழைய தென்னாற்காடு மாவட்ட விவரச் சுவடிகளிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

போன மாதம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறான். படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு கெட்ட பழக்கம், எதைப் பார்த்தாலும் கேள்வித்தாள் ஞாபகம் வரும். கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றவன் திடீரென்று கேட்டான்: "மாமா, ஜனாதிபதி ஒருத்தரை மன்னிச்சாலோ, மன்னிக்க மாட்டேன்னு சொன்னாலோ, அதைப் பார்லிமென்ட் கேள்வி கேட்க முடியுமா?"

"ஏன் முடியாது? பார்லிமென்ட்தானே எல்லாத்துக்கும் மேல" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரியும். யோசிக்காமல் சொன்ன பதில்தான் பெரும்பாலும் பக் ஆகத் திரும்பி வரும். இதுவும் வந்தது. அதன் பிறகு மூன்று வாரம் ராத்திரி ராத்திரி படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு உலகத்தில் வேறெந்த ஊரையும்விட நம்ம தமிழ்நாட்டில்தான் நல்ல விடை இருக்கிறது. காரணம், ஒரு சட்டப்பேரவையே எழுந்து நின்று குடியரசுத் தலைவரின் கருணை மனு முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமனதாகக் கேட்டது இங்கேதான். 2011 ஆகஸ்ட் 30.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். எனக்கு அப்போது பத்து வயசு. மறுநாள் காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கிடையாது, கடை கிடையாது. அப்பா ரேடியோவை விட்டு நகரவில்லை. ராஜீவ் காந்தியோடு காவலர்கள் உட்படப் பலர் அங்கே இறந்தார்கள். இந்தக் கட்டுரை முழுக்கத் தண்டனை பெற்றவர்களைப் பற்றியே பேசப் போவதால், அவர்களை இங்கேயே நினைத்துவிடுகிறேன். அந்தக் குடும்பங்களைச் சட்டமன்றத் தீர்மானங்களில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. மூன்று பேருக்கு ஆயுள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கு உறுதியானது. தடா சட்டப்படியான குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடா சட்டத்தின்கீழ் காவல்துறை அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்கள் மட்டும் சாட்சியமாக நின்றன. பேரறிவாளன் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது இரண்டு 9 வோல்ட் பேட்டரி. கைதானபோது வயது 19. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் பி.இ. கல்லூரிப் புராஜெக்டுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே மாதிரி பேட்டரிகளை எத்தனையோ வாங்கியிருக்கிறேன். நண்பர்களுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், எதுக்குன்னு கேட்டதே இல்லை. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகப் பின்னாளில், 2013இல், சொன்னார். அது வெளிவந்தபோது 22 வருஷம் ஓடிப்போயிருந்தது. அதனால் இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 72ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161ஆவது பிரிவு ஆளுநருக்கும் தண்டனையை மன்னிக்கவோ குறைக்கவோ அதிகாரம் கொடுக்கிறது. இரண்டு பிரிவுகளிலும் நாடாளுமன்றம், சட்டமன்றம் என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் தலைவரும் ஆளுநரும் தாங்களாக முடிவெடுப்பதில்லை, அமைச்சரவை சொல்கிறபடி கையெழுத்துப் போட வேண்டும். அமைச்சரவை சபைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆக, சபைக்கு வாசல் வழியாக இடமில்லை, கொல்லைப்புறமாக ஓர் இடம் உண்டு.

அரசமைப்பு அவை விவாதத்திலேயே இது வந்துவிட்டது. 1948 டிசம்பர் 29 அன்று தஜமுல் ஹுசைன் என்ற உறுப்பினர், மன்னிக்கும் உரிமை நாட்டின் தலைவர் ஒருவருக்கே இருக்க வேண்டும், மாநில ஆளுநர்களுக்கு வேண்டாம் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆளுநருக்கு ஆலோசனை சொல்லப்போவது அந்த மாகாண உள்துறை அமைச்சர். அந்த வட்டாரமும் வழக்கின் சூழ்நிலையும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது அவர் வாதம். கவனியுங்கள், ஆளுநருக்குத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை, அமைச்சருக்குத் தெரியும் என்கிறார். ராஜாவின் கருணை என்ற பழைய சரக்கை எடுத்து, மந்திரியின் பொறுப்பாக மாற்றிவிட்டார்கள். 1935ஆம் வருஷச் சட்டத்தில் தூக்கைக் குறைக்கும் அதிகாரம் கவர்னர் ஜெனரலின் சொந்த விருப்புரிமையில் இருந்தது. அதிலிருந்து இது பெரிய தாவல்.

பேப்பரில் மாறியது நடைமுறையில் மாறியதா என்பதை நம்ம வழக்கே சோதித்தது. 1999 அக்டோபரில் நால்வரும் ஆளுநருக்குக் கருணை மனு கொடுத்தார்கள். ஆளுநர் பாத்திமா பீவி, உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர். சில நாட்களிலேயே நிராகரித்தார், அமைச்சரவையைக் கேட்காமல். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது: அமைச்சரவையின் ஆலோசனையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோப்பு கோட்டைக்கு வந்தது (இது ஜார்ஜ் கோட்டை, எங்க கோட்டை இல்லை). 2000 ஏப்ரல் 19 அன்று முதல்வர் கருணாநிதி தலைமையிலான அமைச்சரவை கூடி, நளினிக்கு மட்டும் ஆயுளாகக் குறைக்கலாம், மற்ற மூவரின் மனுவை நிராகரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆளுநர் அப்படியே செய்தார். இந்த இடத்தைத் தாண்டி எல்லோரும் வேகமாகப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் கதையின் நடு இடம். மூன்று உயிர்களைக் குறித்த அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் அமைச்சரவையின் கையில் முழுசாக இருந்த நாள் அது. அன்று சபையில் இதற்கு வாக்கெடுப்பு இல்லை. வாக்கெடுப்பு நடந்தது பதினோரு வருஷம் கழித்து, அப்போது கையில் எதுவும் மிச்சமில்லை என்று சொல்லிக்கொண்டே.

மூவரின் மனு குடியரசுத் தலைவருக்குப் போனது. கே.ஆர்.நாராயணன் காலம் முடிந்தது, அப்துல் கலாம் காலம் முடிந்தது, பிரதிபா பாட்டீல் வந்தார். வாஜ்பாய் ஆட்சி போய் மன்மோகன் சிங் ஆட்சி வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் உள்துறையில், இன்னொரு ஐந்து வருஷத்துக்கு மேல் குடியரசுத் தலைவர் மாளிகையில். எங்கள் தொழிலில், ஒரு சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினால் இத்தனை நொடிக்குள் பதில் வராவிட்டால் தோல்வி என்று எடுத்துக்கொள் என எழுதி வைப்போம். டைம் அவுட் என்போம். அது இல்லாமல் எழுதினால் மேனேஜர் திட்டுவார். 72ஆவது பிரிவில் டைம் அவுட் கிடையாது. இந்தப் பதினோரு வருஷத்தில் நாடாளுமன்றம் என்ன செய்தது? கருணை மனுக்கள் எத்தனை நிலுவை என்று உறுப்பினர்கள் கேட்பார்கள், உள்துறை எண்ணிக்கையைச் சொல்லும். ஏன் நிலுவை, யார் என்ன ஆலோசனை சொன்னார்கள் என்பதற்குப் பதில் வராது. 74ஆவது பிரிவு, அமைச்சர்கள் தலைவருக்குச் சொன்ன ஆலோசனையை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்றுதான் தடுக்கிறது. நாடாளுமன்றம் கேட்கக் கூடாது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கேட்கிற பழக்கம் இல்லாமல் போனதுதான் விஷயம்.

2011 ஆகஸ்டில் பிரதிபா பாட்டீல் மூவரின் மனுவையும் நிராகரித்தார். வேலூர் சிறையில் செப்டம்பர் 9 என்று தேதி குறித்தார்கள். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண், மூவர் உயிரைக் காக்கச் சொல்லித் தீக்குளித்து இறந்தார். தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 29, சட்டப்பேரவை. முதல்வர் ஜெயலலிதா, குடியரசுத் தலைவர் நிராகரித்த பிறகு முதலமைச்சரான தனக்கு இதில் அதிகாரம் இல்லை என்றார். ஆதாரமாக மத்திய உள்துறை 1991 மார்ச் 5 அன்று மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தைச் சொன்னார். தலைவர் ஒருமுறை நிராகரித்தால் ஆளுநர் மறுபடி அதே மனுவை எடுக்கக் கூடாது என்று 257ஆவது பிரிவின்படி கட்டளையிடும் கடிதம். 2000இல் மூவரின் மனுவை நிராகரிக்கச் சொன்னது திமுக அமைச்சரவைதான் என்பதையும் நினைவூட்டத் தவறவில்லை.

மறுநாள், ஆகஸ்ட் 30. அதே சபை, அதே முதல்வர். தமிழக மக்களின் உணர்வுக்கு மதிப்பளித்து மூவரின் கருணை மனுக்களை மறுபரிசீலனை செய்து தூக்கை ஆயுளாகக் குறைக்குமாறு குடியரசுத் தலைவரைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக நிறைவேறியது. அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ராம் ஜெத்மலானி உள்ளிட்டோர் வாதாட, நீதிபதிகள் நாகப்பனும் சத்தியநாராயணனும் தூக்குக்கு எட்டு வாரம் தடை விதித்தார்கள். தெருவில் பட்டாசு வெடித்தது. எதற்கு வெடித்தார்கள், தீர்மானத்துக்கா தடைக்கா என்று அன்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நானும்தான். சட்டப்படி பார்த்தால் உயிரை நிறுத்தி வைத்தது தடை. தீர்மானம் ஒரு மனு. ஏழு கோடிப் பேர் சார்பாக எழுதப்பட்டாலும் மனு மனுதான், பெறுபவரைக் கட்டாது.

இப்போது திரும்பிப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி. ஓர் உள்துறைக் கடிதம் 161ஆவது பிரிவை நிறுத்திவிட முடியுமா? ஆளுநரின் அதிகாரம் தனி, அமைச்சரவை புதிதாகப் பரிந்துரைக்கலாம் என்று அப்போதே வழக்கறிஞர்கள் சொன்னார்கள். ஏழு வருஷம் கழித்து அதே கட்சியின் அமைச்சரவை அந்த வழியில்தான் போனது. ஆக 2011இல் அதிகாரம் இல்லாததாலா தீர்மானம் வந்தது, அல்லது அதிகாரத்தைத் தொடாமல் இருக்க வசதியாகத் தீர்மானம் வந்ததா? தீர்மானத்தில் ஓர் அரசியல் சௌகரியம் உண்டு. எல்லோரும் கை தூக்கலாம், கையெழுத்து யாரும் போட வேண்டாம்.

அந்தத் தீர்மானம் வேறோர் இடத்திலும் கல்லெறிந்தது. காஷ்மீர் முதல்வர் உமர் அப்துல்லா, அப்சல் குருவுக்காக எங்கள் சட்டமன்றம் இப்படி ஒரு தீர்மானம் போட்டிருந்தால் நாடு இப்படி அமைதியாக இருந்திருக்குமா என்ற பொருளில் பதிவிட்டார். அங்கே ஓர் உறுப்பினர் நிஜமாகவே தீர்மானம் கொடுத்தார். செப்டம்பர் இறுதியில் எடுத்துக்கொள்ள வேண்டிய நாளில் சபை அமளியில் முடிந்தது, தீர்மானம் விவாதத்துக்கே வரவில்லை. 2013 பிப்ரவரி 9 அன்று அப்சல் குரு தூக்கிலிடப்பட்டார். கேள்வி நியாயமானதுதான். நம்மிடம் பதில் இல்லை.

இங்கே மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 பிப்ரவரி 18 அன்று தலைமை நீதிபதி சதாசிவம் அமர்வு, பதினோரு வருஷத் தாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அதாவது நாடாளுமன்றம் எண்ணாமல் விட்ட வருஷங்களை நீதிமன்றம் எண்ணியது. மறுநாளே பேரவையில் ஜெயலலிதா, ஏழு பேரையும் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி விடுவிக்கப் போவதாகவும் மத்திய அரசு மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் அறிவித்தார். அதற்கடுத்த நாள் உச்ச நீதிமன்றம் தடை. 2015 டிசம்பர் 2 அன்று அரசியல் சாசன அமர்வு, சிபிஐ விசாரித்த வழக்கில் மத்திய அரசிடம் கலந்தாலோசிப்பது என்றால் அதன் சம்மதம் பெறுவது என்று பொருள் சொன்னது. அந்தக் கதவு மூடியது. திறந்திருந்தது 161 மட்டும்.

2018 செப்டம்பர் 9 அன்று எடப்பாடி பழனிசாமி அமைச்சரவை, ஏழு பேரையும் விடுவிக்க 161இன் கீழ் பரிந்துரைத்தது. அம்பேத்கர் 1948இல் சொன்ன அதே பாதை. மாநில அமைச்சரவை சொல்கிறது, ஆளுநர் கையெழுத்திட வேண்டும். ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. இரண்டு வருஷம் நாலு மாசம். கடைசியில் 2021 ஜனவரி 25 அன்று, இதில் முடிவெடுக்கத் தகுந்தவர் குடியரசுத் தலைவர்தான் என்று சொல்லி அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்.

என் அக்கா மகனின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. அமைச்சரவை தப்பு செய்தால் சபை அதைக் கேட்கலாம், கவிழ்க்கலாம். அமைச்சரவை சரியாகச் செய்து ஆளுநர் செய்யாவிட்டால்? ஆளுநரின் நடத்தையைப் பேரவையில் பேசவே விதி இடம் தராது. 361ஆவது பிரிவின்படி அவர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரை நியமித்ததும் நீக்க முடிவதும் டெல்லி. இந்த ஒரே சங்கிலியில் சபையின் கை எட்டாத கண்ணி இதுதான், கோப்பு உட்கார்ந்ததும் இங்கேதான். (2023 ஏப்ரல் 10 அன்று பேரவை, வேறொரு விவகாரத்தில், மசோதாக்களுக்கு ஒப்புதல் தர ஆளுநர்களுக்குக் காலக்கெடு கேட்டுத் தீர்மானம் போட்டது. அதற்காக முதலில் அந்த விதியையே தளர்த்தி வாக்கெடுக்க வேண்டியிருந்தது.)

2022 மே 18. நாகேஸ்வர ராவ், கவாய், போபண்ணா அமர்வு. அமைச்சரவையின் ஆலோசனை ஆளுநரைக் கட்டும், அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்ப அரசமைப்பில் ஆதாரம் இல்லை, 161இன் கீழ் செயல்படாமல் இருப்பதும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்று சொல்லி, மறுபடி ஆளுநருக்கு அனுப்பாமல் 142ஆவது பிரிவின் தனி அதிகாரத்தால் பேரறிவாளனைத் தாங்களே விடுவித்தார்கள். முப்பத்தோராவது வருஷம் முடியச் சில நாட்களே இருந்தன. அற்புதம்மாள் மகனைக் கட்டிப்பிடித்த படத்தை என் அம்மா டிவியில் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரையும் விடுவிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதைப் படித்து, அப்படியென்றால் மன்னிப்பு அதிகாரத்தில் தடையே இருக்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எதிர்ப்பக்கமும் நம்ம ஆட்களுக்கே நடந்திருக்கிறது. யாழ்ப்பாணம் மிருசுவிலில் 2000 டிசம்பரில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடத்தி சுனில் ரத்நாயக்க என்ற படைவீரருக்கு மரண தண்டனை கிடைக்க 2015 ஆனது, 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2020 மார்ச் 26 அன்று, ஊரே கொரோனாவில் முடங்கிக் கிடந்தபோது, ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச ஒரு கையெழுத்தில் அவரை வெளியே விட்டார். அவர்கள் அரசமைப்பின் 34ஆவது பிரிவில், தூக்குத் தண்டனை என்றால் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, அட்டர்னி ஜெனரலின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை என்று வரிசையாகப் படிகள் உண்டு. படிகள் எல்லாம் மேலே இருப்பவரின் மாடிப்படிதான். சபைக்கு அதில் வேலை இல்லை. பேரறிவாளனுக்காகப் பட்டாசு வெடித்த நாம் மிருசுவிலுக்கு என்ன சொல்வோம்?

ஆந்திராவில் 2005இல் ஆளுநர் ஒரு கொலை வழக்குக் குற்றவாளியின் மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்தார். அவர் ஆளுங்கட்சிப் பெண் எம்எல்ஏ ஒருவரின் கணவர். அரசு அறிக்கையில் அவர் நல்ல காங்கிரஸ் தொண்டர் என்பதும் ஒரு தகுதியாக எழுதப்பட்டிருந்தது. 2006இல் ஏபூரு சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சபையே அந்த மன்னிப்பில் சம்பந்தப்பட்டிருந்தால் சபை எப்படிக் கண்காணிக்கும்? பேரறிவாளன் விடுதலையாகி மூன்று மாதத்தில், 2022 ஆகஸ்ட் 15 அன்று, குஜராத் அரசு பில்கிஸ் பானு வழக்கின் 11 பேரை விடுவித்தது. அது 161 அல்ல, சட்டப்படியான தண்டனைக் குறைப்பு. 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி நாகரத்னா, முன்பு ஆறு பேரை விடுவித்த அமர்விலும் இருந்தவர்.

மற்ற நாட்டுச் சபைகள் இதில் என்ன செய்திருக்கின்றன என்றும் தேடினேன். இங்கிலாந்தில் டான்பி பிரபு மீது நாடாளுமன்றம் குற்றவிசாரணை கொண்டுவந்தபோது, 1679இல் அரசர் இரண்டாம் சார்லஸ் முன்கூட்டியே அவருக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். காமன்ஸ் சபை அந்த மன்னிப்பே செல்லாது என்றது. டான்பி ஐந்து வருஷம் டவர் சிறையில் கிடந்தார். 1701இல் ஒரு சட்டமே வந்தது: சபை தொடுக்கும் குற்றவிசாரணைக்கு எதிராக அரசரின் மன்னிப்பைக் காட்டித் தப்ப முடியாது. முகலாயப் படை எட்டு வருஷம் முற்றுகையிட்டு செஞ்சியைப் பிடித்தது 1698. அதற்கு மூன்று வருஷம் கழித்து. ஒரே காலம், இங்கே கிணறு, அங்கே சட்டம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் டவரிலும் தலைகள் உருண்டுகொண்டுதான் இருந்தன.

அமெரிக்காவில் 1867இல் அவர்கள் உச்ச நீதிமன்றம், அதிபரின் மன்னிப்பு அதிகாரத்தைக் காங்கிரஸ் சட்டம் போட்டுக் குறைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆனாலும் கேள்வி கேட்க முடியும். 1974 செப்டம்பர் 8 அன்று ஃபோர்டு நிக்சனுக்கு மன்னிப்பு அளித்தார். அக்டோபர் 17 அன்று அவரே பிரதிநிதிகள் சபையின் துணைக் குழு முன் நேரில் வந்து உட்கார்ந்தார். எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்ற உறுப்பினர், இதில் ஏதாவது பேரம் இருந்ததா என்று முகத்துக்கு நேரே கேட்டார். இல்லை என்றார் ஃபோர்டு. மன்னிப்பு மாறவில்லை. ஆனால் நாற்பது நாளுக்குள் ஒரு நாட்டின் தலைவர் தன் கையெழுத்துக்குக் காரணம் சொல்ல சபைக்கு வந்தார். நம்ம மூவரின் கோப்பு பதினோரு வருஷம் இருந்தது. யாரும் எங்கேயும் வந்து உட்காரவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். சபை மன்னிப்பை மாற்ற வேண்டாம். கூட்டத்தின் கோபத்துக்கும் பாசத்துக்கும் ஓட்டுப்போட்டு உயிரை முடிவு செய்வது எனக்குப் பயம். ஆனால் எவ்வளவு நாளாகக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அமைச்சரை எழுப்பிக் கேட்கலாம். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

புதுச் சட்டம் வந்தது, அது வேறு மாதிரி. 2023 டிசம்பரில், நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கத்தில் வெளியே இருந்தபோது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நிறைவேறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 472ஆவது பிரிவில் முதல்முறையாகக் கருணை மனுவுக்கு நாள் கணக்கு வைத்தார்கள். கைதி 30 நாளில் மனு கொடுக்க வேண்டும். மாநிலத்தின் கருத்தும் ஆவணங்களும் வந்தபின் மத்திய அரசு 60 நாளில் பரிந்துரை அனுப்ப வேண்டும். முடிவு வந்தால் 48 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். குடியரசுத் தலைவருக்கு? நாள் ஏதும் இல்லை. அத்தோடு, அவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். மூவரைக் காப்பாற்றியது அந்த விசாரணைதான். மன்னிப்பு அதிகாரத்தில் நாடாளுமன்றம் நேராகக் கை வைத்த இடத்தில், தன் கதவைத் திறக்காமல் நீதிமன்றத்தின் கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறது. அரசமைப்புப்படியான ஆய்வு அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது என்பது என் புரிதல்.

இதையெல்லாம் சுருக்கி அக்கா மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்போ ஆன்சர் என்ன மாமா, முடியுமா முடியாதா?" என்று கேட்டான். முதன்மைத் தேர்வில் வந்தால் ரெண்டு பக்கம் எழுது, முதல்நிலைத் தேர்வா இருந்தா 'முடியாது'ன்னு டிக் அடிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போ என்று பதில் போட்டேன்.